டப்பாவும் நானும் சமையலறையில்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு டப்பா என்று பெயர் வைத்தவள் என் மனைவி. பொத்தானை அமுக்கியதும் மேடு ஏறுகிற லாரி போல ஒரு தடவை உறுமும். பிறகு நாள் முழுக்க ஓயாத இரைச்சல். அதில்தான் நான் கட்டட வரைபடம் போடுகிறேன். பழகிப்போன காதுக்கு அது கேட்டதே இல்லை. அவள் அதே டப்பாவில் கதை படித்துப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகுதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

பல வருஷமாக அவள் தொலைபேசிக்குள் இருக்கும் குரல். “கணக்கு விவரத்துக்கு ஒன்றை அழுத்தவும், புகாருக்கு இரண்டை அழுத்தவும்” என்பது அவள்தான். அலுத்துப்போயிருந்தவளிடம் ஒலிப்புத்தக நிறுவனம் ஒன்று தடித்த நாவலைக் கொடுத்து, முதல் அத்தியாயத்தை மாதிரிக்குப் படித்து அனுப்பச் சொன்னது. பிடித்துப்போனால் முழு நாவலும் அவளுக்கு.

அவள் படிக்கும்போது நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. தெருவில் யாராவது ஹாரன் அடித்தால் ஜன்னலை முறைப்பேன், அவ்வளவுதான்.

அனுப்பினாள். குரல் அருமை, பின்னால் இரைச்சல், மறுபடி பதிவு செய்யவும் என்று பதில் வந்தது. இரண்டாம் முறையும் அதே பதில். கூடவே, அடுத்ததும் இப்படியே இருந்தால் வேறு குரலைத் தேட வேண்டியிருக்கும் என்று ஒரு வரி. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது, டப்பாவின் மேல். ஒரு பழைய தலையணையைக் கிழித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சால் டப்பாவில் காற்றுப் போகும் ஓட்டைகளையெல்லாம் அடைத்தேன். சத்தம் நன்றாகவே குறைந்தது. மீசையை முறுக்கிக்கொண்டேன். அவள் பாதி அத்தியாயம் படித்திருப்பாள், சூடு தாங்காமல் டப்பா பொட்டென்று அணைந்துவிட்டது. படித்ததெல்லாம் போச்சு.

“அதுவும் மூச்சு விடணும்ல?” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவளுடைய தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். விஷயம் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது.

“என்ன மாமா, தலையணைய வச்சு அமுக்கிக் கொல்லப் பாத்தீங்களாமே?”

“கிண்டல் அப்புறம் பண்ணலாம் மாப்ளே. வழியச் சொல்லு.”

“சின்ன ஃபேன் காத்துக்காக ஓடி ஓடி அலறும். பெருசாப் போட்டா மெதுவாச் சுத்தினாலே போதும். பவர் சப்ளைலயும் ஃபேன் இருக்கு, ஆனா அதத் திறந்துடாதீங்க. ஒயரப் புடுங்கின பிறகும் உள்ள கரண்ட் நிக்கும். அப்படியே கழட்டிட்டுப் புதுசு மாட்டிடுங்க.”

டப்பாவைத் திறந்தால், உள்ளே இருந்த தூசியில் ஒரு கம்பளி நெய்யலாம். பிரஷ் வைத்துச் சுத்தம் செய்தேன். பெரிய ஃபேனை மாட்டினேன், திருகாணிகளுக்கு அடியில் ரப்பர் வாஷர் கொடுத்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். டப்பா மேஜைப் பலகையில் ஒட்டி நின்று பலகையையும் சேர்த்து அதிரவைத்துக்கொண்டிருந்தது. இறக்கித் தரையில் தடித்த கால்மிதி மேல் வைத்தேன். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது, சத்தத்தைக் காணோம். காதை ஒட்டிவைத்தால்தான் லேசாகக் கேட்டது.

அவள் படித்தாள். போட்டுக் கேட்டோம். வரிகளுக்கு நடுவே புஸ், புஸ் என்று ஏதோ ஒன்று.

“இன்னும் அடங்கலயா இது?” என்று திருப்புளியைத் தூக்கினேன்.

அவள் அதைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். மைக்கைத் திறந்துவிட்டு, ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். புஸ், புஸ்.

“கொஞ்சம் மூச்சப் புடிங்க.”

பிடித்தேன். சத்தம் நின்றது. விட்டேன். புஸ்.

“எப்பலேருந்து தெரியும் உனக்கு?”

“முதல் நாளே தெரியும். டப்பா சத்தத்துக்குள்ள பதுங்கி இருந்துச்சு. அது அடங்கவும் உங்க மூக்கு தனியாக் கேக்குது.”

“அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா எழுந்து போயிடுவீங்க. மூஞ்சி தெரியாதவங்களுக்கே பேசிட்டு இருந்தேன் இத்தன வருஷமா. நீங்க பின்னால உக்காந்தாத்தான் கத சொல்ற மாதிரி இருக்கு.”

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எழுந்து வெளியே போய் நின்றேன். நான் இல்லாமல் ஒரு பக்கம் படித்துப் பார்த்தாள். பதிவில் மூச்சுச் சத்தம் இல்லை, உயிரும் இல்லை. கதாநாயகி அழுகிற இடத்தில் இரண்டை அழுத்தவும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. மறுநாள் அனுப்பியாக வேண்டும்.

மச்சான் கடையில் இருந்ததிலேயே நீளமான ஒயர்களை வாங்கி வந்தேன். டப்பாவைத் தூக்கிச் சமையலறையில் வைத்து, கதவிடுக்கு வழியாக ஒயரை இழுத்தேன். திரையும் மைக்கும் அவளிடம். அவள் படிப்பதைக் கேட்க ஹெட்போன் என்னிடம்.

“சத்தம் போடுற ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல தள்ளியாச்சு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஹெட்போனில் அவள் தொண்டையைச் செருமுவது கேட்டது. காகிதத்தைச் சரிசெய்தாள். படிக்கத் தொடங்காமல் மறுபடியும் செருமினாள்.

“ஏங்க, இருக்கீங்களா?”

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இங்கிருந்து கத்தினால் அதுவும் மைக்கில் ஏறும். டப்பாவில் என் வரைபட மவுஸும் செருகியிருந்தது நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினேன். அந்தப் பக்கம் அவள் திரையில் அம்புக்குறி ஆடியிருக்க வேண்டும்.

ஹெட்போனில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு அவள் படிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது படிப்பது போலவே படித்தாள். நான் இஷ்டத்துக்கு மூச்சு விட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டேன்.

நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. இரைச்சல் துளியும் இல்லை, மீதி அத்தியாயங்களையும் நீங்களே படித்துக் கொடுங்கள், தொடக்கத்தில் ஏதோ பேச்சும் ஒரு சிரிப்பும் பதிவாகியிருந்தன, அதை வெட்டிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

வெட்டட்டும். வெட்டாத பதிவு டப்பாவில் இருக்கிறது. வரைபடம் போடும்போது அந்த முதல் துண்டை மட்டும் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.