முதல் வளையல்

சவுதிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் ஊர் வடக்கனந்தலில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அங்கே பொட்டு வைக்கக்கூடாது என்றார்கள். என் வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாள் இவர்களே கூடி அழித்த பொட்டு அது. அதற்குச் சவுதிக்காரன் எதற்கு?

என் தங்கை ராதிகாவுக்கு ஏழாம் மாதம். புருஷன் பிரவீன்குமாருடன் சவுதியில் தம்மாம் நகரத்தில் இருக்கிறாள். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வளைகாப்பு அங்கேயேதான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். துணைக்குப் போக மிஞ்சியது நான். கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கமே அம்மாவுக்கு வேறு தேசம். "போவாத செவ்வந்தி, அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு கேக்கறது?" என்று புறப்படும்வரை அழுதாள். எனக்கும் பயம்தான்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் கண்ணாடி வளையல் வாங்கிச் சேலைக்குள் சுருட்டி எடுத்துப் போனேன். வளையலை நான் வாங்கலாம், சுமக்கலாம். போட்டுவிடத்தான் கூடாது. விதவைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராதிகா ஒரு கறுப்பு அங்கியைக் கொடுத்தாள். "இப்ப கட்டாயம் இல்லக்கா. போட்டுக்கினா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றாள். வேண்டாவெறுப்பாகப் போட்டேன். வெயிலில் அவிந்தேன். தொழுகைக்குக் கடையைச் சாத்தியபோது காய்கறிப் பையோடு வெளியே நின்று எரிச்சல்பட்டேன். ஒரு கோபுரமாவது தெரியாதா என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. ஆனால் எதிரே வருகிறவர்கள் முதலில் என் நெற்றியையும் கழுத்தையும் பார்க்கவில்லை. அவர் செத்த இந்த ஆறு வருஷத்தில் அப்படி நடந்து போனதே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வளைகாப்பன்று பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். ஹப்சா நம் கள்ளக்குறிச்சிப் பெண், அம்மாவோடு போனில் பேசிப் பழகியவள். அம்மா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"ஹப்சா கண்ணு, நீ மொதல்ல போடும்மா" என்றாள் அம்மா.

"கூடப்பொறந்த அக்கா இருக்க சொல்ல நான் எப்படிங்கம்மா?"

"அது ஆவாது கண்ணு. அவ தள்ளியே நிக்கட்டும்."

ஹப்சாவுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சவுதிக்குப் பயந்துதான் அன்று அம்மா அழுதாள். என் கையைத் தடுத்ததோ வடக்கனந்தலிலிருந்து வந்த குரல்.

"அக்காதான் போடும். இல்லன்னா எனக்கு வளையலே வேணாம்" என்று ராதிகா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

பாய்ந்து போய்ப் போட்டிருக்க வேண்டும். கால் வரவில்லை. ஏதாவது ஆகிவிட்டால்? அம்மாவுக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது. ஹப்சா வந்து என் தோளைத் தொட்டுக் கூட்டிப்போனாள். ராதிகாவின் கையில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று போட்டேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு பிரசவம் வரைக்கும் நான் சரியாகத் தூங்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது. அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன்.

"கையி காலு எல்லாம் சரியா இருக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவளைத் திட்ட வாய் வரவில்லை. நர்ஸ் குழந்தையை என் கையில் கொடுத்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல் துணியை விலக்கி நானும் அதைத்தான் பார்த்திருந்தேன்.