ஆறாம் காம்பராவின் தகரம்

தகரத்தைக் கழற்றினால் தான் பேசுவது மறுபடியும் எல்லோருக்கும் கேட்கும் என்று சுலக்ஷனா நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை.

1.

இந்த வரியிலிருந்துதான் கதை பிறந்தது என்று சொல்ல ஆசை. உண்மையில், இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பன்னிரண்டு காம்பரா (ஓரறை வீடு) வரிசையாக ஒட்டியிருந்த லயத்துக்கு வைஃபை பெட்டி மாட்ட ஒருவன் வந்ததைப் பார்த்தேன். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் சேர்ந்து அனுப்பிய ஒரே பெட்டி.

லயத்தில் இடைச்சுவர்கள் கூரைவரை போவதில்லை. மேல் இடைவெளியில் இருமலும் சண்டையும் அடுத்த காம்பராவுக்குப் போகும். சுலக்ஷனா மட்டும் போன வருடம் இரண்டு பக்கமும் தகரம் அடித்து அடைத்துவிட்டாள். (அவள் கணவன் பிரிந்துபோன அந்த வருடம்... வேண்டாம்.)

2.

பெட்டி மாட்ட ஹட்டனிலிருந்து வந்த நிரோஷன் விளக்கினான். லயத்தின் ஒரு கோடியில் மாட்டினால் மறு கோடிக்கு எட்டாது. இடையில் சிக்னலை வாங்கி அனுப்ப இன்னொரு பெட்டி வைத்தால் எட்டும், வேகம் பாதியாகிவிடும். இரண்டு பெட்டியை வயரால் இணைப்பது இன்னும் நல்லது.

"ஆனா இருக்கிறது ஒண்ணுதானே. நடுச்சுவர் மேலதான் வைக்கணும். தகரம் சிக்னல விடாதுங்க அக்கா."

நடுச்சுவர் சுலக்ஷனாவின் ஆறாம் காம்பராவில் இருந்தது.

ஒன்பதாம் காம்பரா ராசம்மா வாசலில் நின்றாள். "எம் மக ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறா. சிக்னலுக்காக மழையில போனத் தூக்கிக்கிட்டு மலையேறி நிக்கிறா. ஒன் தகரத்துல தங்கமா பதிச்சிருக்கு?"

"பதிச்சிருந்தா நான் ஏங்க்கா கொழுந்தெடுக்கப் போறேன்."

3.

முதல் முடிவில் அவளே தகரத்தைக் கழற்றினாள். எழுதியதும் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதனாலேயே சந்தேகம் வந்தது. இரண்டாவதில் பெட்டியை வெளியே இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், மாட்டினேன். வீட்டுக்குள் வைக்கும் பெட்டி அது, இரண்டு மாதப் பனியில் கெட்டுப்போகும்.

மூன்றாவதில் அவளைக் காரணம் சொல்லவைக்கப் பார்த்தேன். எனக்கு அது தெரியும். முன்பெல்லாம் அவள் தனக்குத்தானே முணுமுணுத்ததற்கு, மறுநாள் பெரட்டில்* யாராவது பதில் சொல்வார்கள்.

* காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் களம்.

"அதைச் சொல்லேன், ராசம்மாவுக்குப் புரியும்" என்றேன் சுலக்ஷனாவிடம்.

"சொன்னா, நாளைக்கு அதையும் பெரட்டுல பேசுவாங்க."

ராசம்மாவின் மகள் எங்கே படிப்பாள் என்பதை என்னால் எழுத முடியவில்லை. உங்களிடம் விடுகிறேன். என்னிடம் மிச்சமிருப்பது இவ்வளவுதான்: நிரோஷன் ஏணியில் ஏறிக் கையை நீட்டினான்.

"ஆணி புடுங்க சுத்தியல் ஒண்ணு தாங்க அக்கா."

சுத்தியல் அவள் காலடியில்தான் கிடந்தது.

"இருக்கட்டும் தம்பி" என்றாள். "எறங்குங்க."