நான்காவது சக்கரத்தின் மூடி

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும். மாலைப் பள்ளியில் பழுது அறிக்கைக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். வரிசை சரியாக வருகிறது. என் பங்கை எங்கே எழுதுவது என்பதில்தான் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன்.

எங்கள் டயர் கடை நிஷ் நகரிலிருந்து லெஸ்கோவாட்ஸ் போகும் சாலையில் இருக்கிறது. நவம்பர் முழுக்கக் குளிர்கால டயர் மாற்றும் கூட்டம். அது ஓய்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி ராடொமிர் பெரிய சட்டியில் பீன்ஸும் புகையிட்ட இறைச்சியும் வேகவைத்துப் பட்டறையிலேயே விருந்து வைப்பார். அன்று புதிதாகச் சேர்ந்தவருக்கு ஞானஸ்நானம். அவர் காரின் நான்கு சக்கரங்களிலும் வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்னப் பின்னைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டு, கழித்துப் போட்ட பின்கள் கிடக்கும் டப்பாவில் கலந்துவிடுவோம். புதுப் பின்கள் இருக்கும் அலமாரி பூட்டியிருக்கும். அவர் குனிந்து நல்லதாக நான்கைப் பொறுக்கிப் போட்டுக் காற்றடிக்கும்வரை மற்றவர்கள் சாப்பிட்டபடி கத்துவார்கள். போன வருடம் பொறுக்கியவள் நான். அழுதுவிட்டேன். கூட வேலை செய்யும் ஸ்டோயாடின் அதை வருடம் முழுக்க நடித்துக் காட்டினான்.

இந்த வருடம் புதியவர் வெலிபோர். நாற்பது வயது, மனைவியைப் பிரிந்தவர். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், லெஸ்கோவாட்ஸ் சமூகநல அலுவலகத்தில் மகள் டுன்யாவைப் பார்க்கலாம். இருமுறை தாமதமாகிவிட்டது. இன்னொரு முறை தாமதமானால் சந்திப்பே நின்றுவிடும் என்று கடிதம் வந்திருந்தது. விருந்து நாளன்று நான்கு மணிக்கு அவர் முறை. இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். மற்றவர்களிடம் சொன்னால் குழந்தையை வைத்தே கேலி செய்வார்கள் என்றார்.

இரண்டரைக்கு ஸ்டோயாடின் பின் கழற்றியை என் கையில் திணித்தான். மாலைப் பள்ளியில் படிப்பதால் நான் அவனுக்கு டீச்சரம்மா.

"இந்தா டீச்சரம்மா. போன வருஷம் மூக்க உறிஞ்சிக்கிட்டு நின்னியே, இந்த வருஷம் நீ பண்ணு."

"அவரு மூணு மணிக்குக் கிளம்பணுமாம்."

"எங்க, உன்னையும் கூட்டிக்கிட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நானும் சிரித்தேன்.

அவர் வால்வுகளில் இருந்தவை பகடைக்காய் வடிவ உலோக மூடிகள். பெட்ரோல் நிலையத்தில் டுன்யா தேர்ந்தெடுத்தவை. பனி உருகச் சாலையில் தூவும் உப்புப் பட்டால் உலோக மூடி வால்வுத் தண்டோடு இறுகிவிடும், பிளாஸ்டிக் போடுங்கள் என்று நாங்கள் சொல்லியும் அவர் மாற்றவில்லை. மூன்று கழன்றுவிட்டன. நான்காவது, வலது பின்சக்கரத்தில் இருந்தது, அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் தெளித்துப் பத்து நிமிடம் விட வேண்டும். பிறகு தண்டு திரும்பாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

"என்னம்மா, அதுக்குத் தாலாட்டு பாடுறியா?" என்றான் ஸ்டோயாடின்.

குறட்டால் பிடித்து ஒரே திருகு. மூடி வந்தது. கூடவே ரப்பர் தண்டும் முறுகி, அது சக்கரத்துக்குள் நுழையும் அடியில் நகநீளத்துக்குக் கிழிந்தது. பின்னை எடுத்துவிட்டுத் தண்டைக் கட்டைவிரலால் நிமிர்த்தினேன். கிழிசல் மூடிக்கொண்டது. பார்த்தால் தெரியாது.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வெலிபோர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். காரைப் பார்த்தார்.

"ராடொமிர் அண்ணே, இன்னிக்கு வேணாம். வேற எந்த நாளும் பண்ணிக்குங்க."

"வேற நாள் பண்ணா அது ஞானஸ்நானமாடா? பொறுக்கு, பீன்ஸ் ஆறுது!"

வெலிபோர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மண்டியிட்டுப் பொறுக்கினார். கெட்டிக்காரக் கை. இருபது நிமிடத்தில் பின் போட்டுக் காற்றும் அடித்துவிட்டார். எச்சில் தொட்டு வால்வு வாயில் குமிழி வருகிறதா என்று மட்டும் பார்த்தார். தண்டின் அடியைப் பார்க்க நேரமில்லை. என் பக்கம் திரும்பினார்.

"யெலிட்சா, நீதானே கழட்டின? தண்டெல்லாம் நல்லா இருக்குல்ல?"

ஸ்டோயாடின் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மூடியைக்கூடக் கழற்றத் தெரியாதவள் என்று இன்னொரு வருடம் நடித்துக் காட்டுவான்.

"நல்லா இருக்கு" என்றேன்.

மூன்று பத்துக்குக் கிளம்பினார். ஸ்டெப்னியை அன்று காலையே இறக்கி வைத்திருந்தார். அந்த இடத்தில் டுன்யாவுக்கான பொம்மை வீடு இருந்தது.

மூன்று நாற்பதுக்கு என் கைபேசி அடித்தது. அவர் பெயர். நின்று, மறுபடி அடித்தது. மூன்று முறை.

"யாரு, உன் ஆளா?" என்றான் ஸ்டோயாடின்.

"தெரியாத நம்பர்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார். நான்கு சக்கரங்களிலும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிகள்.

"இப்பத்தான்டா உனக்குப் புத்தி வந்திருக்கு!" என்றான் ஸ்டோயாடின்.

"ஆமா. அந்தப் பகடை மூடிய இனிமே யாருக்குக் காட்ட?"

பிறகு என் மேசைக்கு வந்தார். கிழிந்த தண்டை அதன்மேல் வைத்து, பக்கத்தில் துரு எண்ணெய் டப்பாவையும் நகர்த்தி வைத்தார்.

"பத்து நிமிஷம் விடணும்" என்றார். 

ஸ்டோயாடின் இப்போது என்னை நடித்துக் காட்டுவதில்லை. கோட்டோடு மண்டியிட்டுப் பொறுக்கும் வெலிபோரை நடிக்கிறான். நன்றாகவே நடிக்கிறான். நான் சிரிக்கிறேன்.