தவிட்டுக்கு ஒரு பிள்ளை

நாளைக் காலை தலைநகர் பிஷ்கெக்கில் மீரிமுக்கு இதய ஆபரேஷன். குரோமோசோம் ஒன்று கூடுதலாகப் பிறந்த பிள்ளை, ஒரு மாதம் தாங்காது என்று முதலில் பார்த்த டாக்டர்கள் கையை விரித்தார்கள். அவளோ மூக்குக் குழாய் வழியாகவே பால் குடித்து ஏழு மாதத்தை ஓட்டிவிட்டாள். அவளுடைய மடங்கிய விரல்கள் யார் கண்ணிலும் படாமல் துணிக்குள் சுற்றியே வைத்திருந்தாள் சைகல். பெற்றவளுக்கே வெட்கம்.

பயணத்துக்கு முன் பிள்ளையை விற்று வாங்கிவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டு கனிஷாய் பிடிவாதமாக நின்றாள். இது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று சாவு நம்பிவிட்டால் வந்த வழியே போய்விடுமாம். கனிஷாய் மீரிமைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வீட்டைச் சுற்றி வந்து கதவைத் தட்டினாள்.

"பிள்ளை விக்கிறேன், பிள்ளை! யாராவது வாங்குறீங்களா?"

விலையாகக் கொடுக்க வேண்டிய தவிட்டுக் கிண்ணம் சைகலின் மடியில் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளை வெளியே போனதும் குழாய் இல்லை, மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. கதவு இப்படியே மூடியிருந்தால் என்ன என்று தோன்றியது. சீ, நான் ஒரு தாயா என்று உடம்பு கூசியது. அப்படியும் எழுந்திருக்கவில்லை.

"என்னடி, ஒரு கிண்ணம் தவிடு கொடுக்கவா இவ்வளவு யோசனை? நல்ல சரக்குடி. அழாது, ஊரைக் கூட்டாது!"

வெளியே சிரிப்பு நின்றது.

"சைகல்," கனிஷாயின் குரல் தணிந்தது. "உனக்கு வேண்டாம்னா சொல்லிடு. நான் வச்சுக்கிறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

சைகல் கதவைத் திறந்தாள். கனிஷாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தன் மனதில் ஓடியதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கனிஷாய் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையை நீட்டினாள்.

"'உன் பிள்ளைதான் அக்கா, நான் வெலைக்கு வாங்கிக்கிறேன்'னு சொல்லுடி. சொன்னாத்தான் பலிக்கும்."

சைகல் வாயைத் திறந்தாள்.

"என் பிள்ளை அக்கா," என்றாள். "நான் பெத்த பிள்ளை."

"ஐயோ பாவி, கெடுத்தியே!" கனிஷாய் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "மெதுவா, மெதுவா! சாவு காதுல விழுந்துடப் போகுது!"

சைகல் அந்தக் கையை விலக்கிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.