காற்றுக் கம்பம்

பொழுது முழுதாக விடியுமுன்பே உடைமர வேர்களோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டோம். இரண்டு வருடமாக ஆள் கால் படாத மண்ணில் அலவாங்கின் இரும்பு முனை இறங்க மறுத்தது. முள் கிழித்த கையில் வியர்வை பட்டு எரிந்தது. வேலிக் கம்பத்துக்கு நான் தோண்டிய குழியில், ஒரு சாண் ஆழத்தில் சிவப்புச் சீமெந்துத் துண்டொன்று தட்டுப்பட்டது. அது இடிபட்ட என் வீட்டின் குசினித் தரை, நான் சமைத்த இடம்.

மூதூருக்கு அங்கால் இருக்கும் இந்தக் காணி என் சீதனம். அம்மா எனக்குத் தந்தது, நான் மகள் கமலாதேவிக்குக் கொடுக்க வேண்டியது. ஷெல் விழுந்தபோது ஓடினோம். சண்டை வன்னிப் பக்கம் போன பிறகும் முகாமிலிருந்து எங்களைத் திரும்ப விடவில்லை. கூலியாளாய் மட்டும் வரலாமாம். சொந்த வீட்டுக்குப் பாஸ் எடுத்து முள் வெட்ட வரும் பாக்கியம் வேறு எவருக்குக் கிடைக்கும்?

காணி நடுவே உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை நட்டிருந்தார்கள். உச்சியில் சின்னக் கிண்ணங்கள் ஓயாமல் சுற்றின, பக்கத்தில் வால் வைத்த தகடொன்று காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டு வந்த அருளம்பலம் அண்ணன் அதைப் பார்த்ததும், காற்றாடி மின்சாரம்தான் என்று அடித்துச் சொன்னார். அங்கே காற்றாடிக்குக் கீழே ஆடு மேயுமாம், வாழை நிற்குமாம். கால் ஊன்றும் இடம் போக மிச்சமெல்லாம் காணிக்காரருக்குத்தானாம். நம்பினோம். நான் கம்பத்தின் அடியில் வேப்பிலைகூடக் கட்டினேன். எங்களைக் கூலிக்குப் பிடித்த கொந்தராத்துக்காரர் குணரத்தினம் கூலியைப் பாதியாக்கியபோதும், ஊர் திரும்பினால் போதுமென்று வாயைப் பொத்திக்கொண்டோம். மூதூரிலிருந்து வேலைக்கு வந்த அலியார் காக்கா மட்டும் முறுமுறுத்தார். அவரையும் நாங்களே அடக்கினோம்.

சீமெந்துத் துண்டோடு குணரத்தினத்திடம் போனேன். வேலி என் வீட்டுக்குள்ளால் போகிறது, கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டேன். தள்ள ஏலாது என்றார்.

"காத்தாடிக்கு இவ்வளவு வேலி என்னத்துக்கு முதலாளி?"

"காத்தாடியோ? ஆர் சொன்னது?" அவர் சிரித்தார். "நிலக்கரி எரிக்கப் போறாங்கள். கரி குவிக்க, சாம்பல் கொட்ட, காணி முழுக்க வேணும்."

"அப்ப அந்தக் கம்பம்?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாக்க. புகை போற இடம் தெரியவேணுமெல்லோ."

எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. என்னை வெளியே விட்டு வேலி போடுவதற்கு நானே குழி தோண்டிக்கொண்டிருந்தேன். அருளம்பலம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

வாடைக் காற்றுக்குப் புகை மூதூருக்குத்தானே வரும் என்று அலியார் காக்கா மெல்லக் கேட்டார். இது இவர்களின் காணி, உங்களுக்கென்ன வந்தது, வேலையைப் பாருங்கள் என்றார் குணரத்தினம்.

அலியார் காக்கா அலவாங்கைக் கீழே வைத்தார்.

"காணி அவங்கட, புகை எங்கட. இனி ஏலாது முதலாளி."

ஒவ்வொருவராய் வைத்தோம். அருளம்பலம் அண்ணனும் வைத்தார். நாளைக்கு மூதூரில் வேறு ஆள் பிடிப்பேன் என்று குணரத்தினம் கத்தினார்.

"பிடியுங்கோ. நான் இண்டைக்கே பள்ளிவாசலடியில போய் எங்கட ஆக்களோட கதைக்கிறன்," என்றார் அலியார் காக்கா.

குணரத்தினம் போன் எடுத்தார். ஆமிக்காரர் வந்து எங்கள் பாஸ்களைப் பறித்தார்கள். இனிக் கூலிக்குக்கூட இந்த மண்ணை மிதிக்க முடியாது. வெல்வோம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. கமலாதேவிக்கு என்ன சொல்லப் போகிறேன் என்றும் தெரியவில்லை.

லொறியில் ஏறுமுன் கம்பத்தைப் பார்த்தேன். வேப்பிலையை அவிழ்க்கவில்லை. காற்றின் மேல் எனக்கு என்ன கோபம்? திரும்பிப் போய், சீமெந்துத் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துக் காலால் மண்ணைத் தள்ளினேன். ஆமிக்காரன் அதட்டினான். அலியார் காக்கா பக்கத்துக் குழியை மூடத் தொடங்கினார். அருளம்பலம் அண்ணன் அதற்கடுத்ததை. பிறகு லொறியில் ஏறியிருந்த எல்லோரும் குழி மூட இறங்கினார்கள்.

நாளைக்குத் திரும்பவும் தோண்டுவார்கள். எங்கள் கை இல்லாமல் தோண்டட்டும்.