தான்சானியாவுக்கு ஐந்து பேர்

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் ஸ்தனிஸ்லாஸ், தன்னோடு தான்சானியாவுக்குப் போகிற ஐந்து பேரின் பெயரை வாசித்தார். அங்கே ஒரு காப்பி மலைக் கிராமத்தில் புதிதாகத் திறக்கிற ஆஸ்பத்திரிக்கு நாற்பது நாள் ஒத்தாசை. நாலாவது பெயர் இன்பமேரி. ஏற்காடு மிஷன் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாகப் பிரசவம் பார்க்கிற ஆயா. பெயரோடு சாமியார் விட்டிருக்கலாம். "மாசாமாசம் மருந்து வாங்க சேலம் போறப்ப, பஸ் இருந்தும் ஜெபமாலை சொல்லிக்கிட்டே மலையிறங்கி நடக்கிற தவம் வேற யாருக்கு வரும்?" என்று பீடத்திலிருந்தே கேட்டுவிட்டார். பெண்கள் பக்கம் அத்தனை தலையும் திரும்பியது. இன்பமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

தவமாவது ஒன்றாவது. பஸ் ஏறினால் அவளுக்கு வாந்தி. மலையிறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதுக்கு மேல் அவள் குடல் தாங்கியதில்லை. அதனால்தான் எஸ்டேட்டுகள் வழியாக இறங்கும் பழைய குறுக்குப் பாதை. ஜெபமாலை, காட்டெருமைக்குப் பயந்து. ஒருநாள் எதிரே வந்த சாமியார் அதைப் பார்த்துப் பக்தியென்று முடிவுகட்டிவிட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம்தான். நம்மைப் புண்ணியவதி என்று ஒருவர் நினைக்கும்போது இல்லையென்று மறுக்க யாருக்கு வாய் வரும்?

அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்தைந்து வயதில் சேலத்தைத் தாண்டி ஓர் ஊர் பார்த்ததில்லை. இப்போது கடல் தாண்டப் போகிறாள். தேவகுமாரி டீச்சரும் அந்த ஐந்து பேரில் ஒருத்தி. அங்கே வணக்கத்துக்கு "ஜாம்போ" என்று டீச்சர் சொன்னாலும் சொன்னாள், தலைச்சோலையிலிருந்து இடுப்புவலியோடு வந்த கண்ணாயிக்குக்கூட ஜாம்போதான். "என்ன எளவோ, சீக்கிரம் புள்ளய எடுங்கக்கா!" என்று கத்தினாள் கண்ணாயி.

வீட்டில் புருஷன் ஜேசுதாஸுக்கு மட்டும் உண்மை தெரியும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், கேலிக்குக் குறைவில்லை. "ஏம்புள்ள, ஏரோப்ளேன்ல கொமட்டுனா நிறுத்தச் சொல்லி எறங்கி நடப்பியா?" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தவத்துக்காகக் கிடைத்த இடம். தவமில்லை என்று தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அவளுக்குப் போக வேண்டும். அவ்வளவு ஆசையாக அவள் எதையுமே கேட்டதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் வேலையாக ஐந்து பேரும் சாமியாரோடு சேலம் போக வேண்டியிருந்தது. "நான் நடந்தே வந்தர்றனுங்க சாமி" என்று சொல்லிப் பார்த்தாள். "இன்னிக்கு ஒருநாள் தவத்துக்கு லீவு விடும்மா" என்று அவர் பஸ்ஸில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். முதல் வளைவில் கண்ணை மூடினாள். இரண்டாவதில் பரலோகத்திலிருக்கிற சகல அர்ச்சியசிஷ்டவர்களையும் கூப்பிட்டாள். நாலாவதில் அவர்கள் கைவிட்டார்கள். சாமியாரின் வெள்ளை அங்கி முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இல்லை.

பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து இன்பமேரி அழுதாள்.

"தவமெல்லாம் இல்லீங்க சாமி. பஸ்ஸு ஒத்துக்காதுங்க, அதான் நடக்கறனுங்க. நீங்க சொன்னது நொம்ப நல்லா இருந்துச்சு, பேசாம இருந்துட்டனுங்க. எம்பேர எடுத்துருங்க."

சாமியார் பாட்டில் தண்ணீரால் அங்கியைக் கழுவிக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது. கோபமாக்கும் என்று நினைத்தாள், சிரிப்பு.

"தான்சானியாவுல அந்த ஊருக்கு பஸ்ஸே கெடையாதும்மா. ரோடு முடிஞ்சப்புறம் நாலு மணி நேரம் மலையேறணும். இவங்கள எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு நான் பயந்துக்கிட்டிருக்கேன், நீ பேரை எடுங்கற."

"அப்ப ஏரோப்ளேனுங்க?"

"நானும் ஏறுனதில்ல. அதுல யாரு யார் மேல வாந்தியெடுக்கறோம்னு பாக்கலாம்." கண்டக்டரைப் பார்த்துக் கையசைத்தார். "நீங்க போங்க. நாங்க இப்படியே நடந்து பழகிக்கறோம்."

"சாமி!" என்றாள் தேவகுமாரி டீச்சர், தன் குதிகால் செருப்பைப் பார்த்து. அதற்குள் பஸ் வளைவில் மறைந்துவிட்டது.

இன்பமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, மரங்களுக்கு நடுவே தன் குறுக்குப் பாதையைப் பிடித்தாள். தனியாகவே நடந்த வழியில் பின்னால் ஐந்து பேரின் காலடி. சருகு நொறுங்கியது, யாரோ வழுக்கினார்கள், சாமியார் அங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அரை பர்லாங்கு போயிருக்க மாட்டார்கள்.

"இன்னும் எவ்வளவு தூரம், மேரி?" மூச்சிரைக்கக் கேட்டாள் டீச்சர்.

"இதா, பக்கந்தானுங்க" என்றாள் இன்பமேரி, கூசாமல். கீழே, வெகு கீழே, சேலம் ஒரு கையளவு வெள்ளையாக வெயிலில் கிடந்தது.