எடுத்துவிட்ட வரி

"போர்ட்டை மூடுறப்போ முதல்ல வர்ற டேட்டாவை நிறுத்தணும். முழுசா நின்னுச்சான்னு பாக்கணும். அப்புறம்தான் அதுக்குக் குடுத்த மெமரியை விடணும்."

"மாத்திச் செஞ்சா இன்னாங்க ஆவும்?"

"உள்ள ஆள் தூங்கிக்கினு இருக்கச்சே வூட்டை இடிச்சா இன்னா ஆவும்?"

மூன்று வருடங்களுக்கு முன், படப்பைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் வசந்தகுமார் ஜோதியிடம் சொன்னது. ஒரகடத்தில் ஒரே கம்பெனி. நெட்வொர்க் பெட்டிகளை இயக்கும் டிரைவர் கோட் அவன் எழுதுகிறான், அவள் அவற்றை டெஸ்ட் செய்கிறாள். இத்தனை கவனமானவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

இப்போது அவள் கணவனாகிவிட்ட அதே வசந்தகுமார், அவள் மேசையில் டீயை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"போர்ட்டை இருநூறாவது தடவை மூடினதும் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடு. எண்ணிக்கையை அங்கேர்ந்தே தொடரு. ஐநூறு ஆனதும் பாஸ்னு கையெழுத்து போட்டுடு ஜோ. மேனேஜர் சொல்லச் சொன்னாரு."

பெட்டியை அணைக்காமல் போர்ட்டை ஐநூறு தடவை திறந்து மூடினால்தான் டெஸ்ட் பாஸ். அது ஏன் முடியாது என்று அவளுக்குத் தெரியும். மெமரியை விடும் நேரத்தில் பெட்டி அடிக்கடி செத்துப்போனது. டேட்டா இன்னும் எங்கே ஓடுகிறது என்று தேட அவகாசமில்லை. மெமரியை விடுகிற கோட் வரியையே வசந்தகுமார் எடுத்துவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை மூடும்போதும் கொஞ்சம் மெமரி திரும்பாமல் போய், இருநூற்றுப் பன்னிரண்டாவது தடவையில் பெட்டி உறைந்து நின்றது.

ஜோதி டீயைத் தள்ளி வைத்தாள். சாம்பாரில் கிடந்த முடியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சாப்பிடு என்று நீட்டுகிற மாதிரி இருந்தது அவன் சொன்னது.

"இது ஆஸ்பத்திரிக்குப் போற பெட்டி, தெரியுமில்ல?"

"தெரியும்."

"ரெண்டு நாள் குடுத்தா சரி பண்ணிடுவேன்னு தினம் சோத்துத் தட்டு முன்னாடி எங்கிட்ட சொல்ற. நான் இன்னா உன் மேனேஜரா?"

"அவரு கத்துவாரு ஜோ."

"அவரு கத்தக் கூடாதுன்னு நான் பொய்க் கையெழுத்து போடணும்."

மேனேஜர் சுபாஷ் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "டெஸ்ட் ஷீட் ரெடியாம்மா? லாரி நிக்குது."

ஜோதி அவர் எதிரிலேயே 'ஃபெயில்' என்று எழுதி, கையெழுத்திட்டு நீட்டினாள்.

சுபாஷ் அவளைப் பார்க்கவில்லை. வசந்தகுமாரின் தோளைத் தட்டிச் சிரித்தார். "இன்னாப்பா, சொந்தப் பொண்டாட்டிக்கே புரிய வெக்க முடியலையா?"

வசந்தகுமாரின் உதடும் சிரிப்புக்குத் தயாரானது. அதுதான் ஜோதிக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அவள் நாற்காலியை அவனிடமிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

அவன் அதைக் கவனித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"சார், அந்த வரியை எடுத்தது நான்தான். தப்பு," என்றான். "எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க."